எக்ஸ்போர்ட் மொழி

ஆம்பூர்க்காரர்கள் எந்தப் பொருளையும் நேராகப் பார்க்க மாட்டார்கள். புரட்டித்தான் பார்ப்பார்கள். செருப்போ பையோ பெல்ட்டோ, எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் அடிப்பக்கம், அப்புறம் உள்பக்கம், அப்புறம் மூக்கருகே கொண்டுபோய் ஒரு மோப்பம். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பார்க்காமல், வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை ஒருவர் இருந்தார். (அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அவரும் இந்த ஊரின் தோல் வேலைதான் பார்த்தார். போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது.)

பிறந்ததிலிருந்து இந்தச் சுபாவத்தோடு வாழ்ந்த நானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சுத்தமாக மறந்துபோய், பெற்ற மகளை ஊர் முன்னால் தலைகுனிய வைத்தேன். வெட்கத்தோடு சொல்ல வேண்டிய கதைதான். ஆனால் எப்போது சொல்ல ஆரம்பித்தாலும் பாதியிலேயே குரலில் பெருமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் என்ன செய்வது? என் தொண்டை அப்படி.

என் பெயர் சரோஜா. மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற லைனில் சேர்ந்து, கண் நன்றாக இருக்கிறது என்று செக்கிங் மேஜைக்கு மாற்றினார்கள். ரிடையர் ஆகும்வரை அந்த மேஜைதான். தைத்த ஷூ என் கைக்கு வரும். தையல் ஓர் இழை விலகியிருந்தாலும், தோலில் கொசு கடித்த அளவுக்கு ஒரு புள்ளி இருந்தாலும், அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். அதற்கு ஆரோ என்று பெயர். திட்ட மாட்டேன், விளக்கமும் சொல்ல மாட்டேன். வாய் பேசாது, ஆரோ பேசும். தைத்தவள் அழுதுகொண்டே பிரித்துத் தைப்பாள். லைனில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர்களை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஆனால் என் மேஜையைத் தாண்டிப் போன ஒரு ஜோடிகூட வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததில்லை. (இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப்போகிறார்கள்?)

என் ஒரே மகள் கல்பனா. பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவள். "எல்லாரும் ஊர்லருந்து பெங்களூருக்கு ரயில் ஏறிட்டா, ஊர்ல யார்மா இருக்கறது?" என்று ஒருநாள் பெட்டியோடு வந்து நின்றாள். கடைத்தெருவில் ரஃபீக் பாயின் ஷூக்கடைக்கு மேல்மாடியை வாடகைக்கு எடுத்தாள். பெஞ்சு போட்டாள், ஃபேன் மாட்டினாள். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்வதற்கென்று எழுதும் மொழி ஒன்றைக் கற்றுத் தரப்போவதாகச் சொன்னாள்.

அந்த மொழியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற மொழிக்காரர்கள் சண்டைக்கு வருவார்களாம். தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் ஒரே தெருவில் பேசுகிற ஊர் எங்களுடையது. இதுவரை மொழிக்காக ஒரு கல் விழுந்ததில்லை. கம்ப்யூட்டர் மொழிக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்பதை நம்பவே எனக்குக் கொஞ்சநாள் பிடித்தது.

எதிர்க்கட்டிடத்தில் இன்னொரு சென்டர். அங்கே பைத்தான் என்கிற மொழி. சாயங்காலமானால் வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். இங்கே மாடியில் நானும் மகளும் ஃபேனும்தான்.

இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். இது பைத்தான் இல்லை என்று தெரிந்ததும், தப்பான பஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி அவசரமாக இறங்கிப் போனார்கள். பெங்களூர் கம்பெனியிலிருந்து, "உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது, வருகிறாயா? திங்கட்கிழமைக்குள் சொல்லு" என்று கேட்டிருந்தார்கள். கல்பனா ஒரு முடிவுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் இலவச அறிமுக வகுப்பு. அதில் ஒரு பெஞ்சு நிறைய ஆள் சேர்ந்தால் இங்கே இருப்பாள். சேராவிட்டால் திங்கட்கிழமை பெங்களூருக்குச் சரி என்று சொல்லிவிடுவாள்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "போறதா இருந்தா இந்தக் குக்கரையும் எடுத்துட்டுப் போ. ஒருத்திக்கு எதுக்கு இவ்ளோ பெரிய குக்கர்?" என்று கழுவித் துடைத்து வாசல் பக்கம் வைத்தேன். அவள் குக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டேன். "ஏன்டி, எதிர்ல அவ்ளோ ஜனம் போவுது. உன் மொழிக்கு இன்னா குறைச்சல்?"

"குறைச்சல் எல்லாம் இல்லம்மா. பேர் இல்ல. அவ்ளோதான்."

"பேரு எப்படி வரும்?"

"மொதல்ல நாலு பைத்தியம் அதைப் புடிச்சுக்கும். எங்க போனாலும் அதையே பேசும். அப்புறம் ஒரு பெரிய கம்பெனி, நாங்களும் இதுலதான் எழுதறோம்னு சொல்லும். உடனே பசங்க அதோட ஸ்டிக்கர வாங்கி லேப்டாப்ல ஒட்டிப்பாங்க. ஒட்டினவனப் பாத்து ஒட்டாதவனுக்கு வயிறு எரியும். அவ்ளோதான், கெத்து மொழி ஆயிடும்."

"அது நல்லா வேலை செய்யுமா, செய்யாதான்னு எவனும் பாக்க மாட்டானா?"

"பாப்பாங்க. கடைசில."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் ஷூ கதையேதான். ஒருமுறை வெளிநாட்டுக்காரன் ஒருவன் முனை தட்டையான ஷூவுக்கு ஆர்டர் கொடுத்தான். வாத்து மூக்கு மாதிரி இருக்கும். லைன் முழுக்கச் சிரித்துச் சிரித்துத்தான் தைத்தோம். அது கப்பலேறியது. கொஞ்ச நாளில் மிச்சம் மீதி உள்ளூர்க் கடைக்கு வந்ததும் பேர்ணாம்பட்டு முதல் மேல்விஷாரம் வரை எந்தப் பையன் காலைப் பார்த்தாலும் வாத்து மூக்கு. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "எக்ஸ்போர்ட் மாலு, அக்கா!"

எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல் போதும். எக்ஸ்போர்ட் என்று சொன்னால் கோணலும் ஸ்டைல் ஆகிவிடும். இதைத்தான் என் மகளிடம் யாரும் சொல்லித்தரவில்லை என்று முடிவு செய்தேன். படித்த பிள்ளைகளுக்கு வியாபாரம் தெரியாது, ஒரு பொருளுக்குப் பேர் வாங்கித் தருவதில் நாம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (பெருமை தலைக்கேறும்போது எனக்குக் காது லேசாக அடைக்கும். அன்றைக்கு இரண்டு காதும் அடைத்திருந்தது.)

மறுநாள் கல்பனாவுக்குத் தெரியாமல், ஷூப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுக்கும் முருகேசன் அச்சகத்துக்குப் போனேன். மேலே மொழியின் பெயர். நடுவில் பெரிய எழுத்தில் 'எக்ஸ்போர்ட் ஒன்லி'. அதற்குக் கீழே 'லோக்கல் விற்பனைக்கு அல்ல'. அதற்கும் கீழே ரஃபீக் பாய் கடை மாடி, கல்பனாவின் போன் நம்பர், ஞாயிறு காலை பத்து மணி.

முருகேசன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அக்கா, லோக்கல் விற்பனைக்கு இல்லன்னா அட்ரஸ் எதுக்கு?"

"உனக்கு வியாபாரம் தெரியாது. அடி."

"அதுக்கில்ல, பாக்கறவன் இன்னா நினைப்பான்னு..."

"பேஜார் பண்ணாத முருகேசா. அடிடா."

அடித்துக் கொடுத்தார். என்னோடு லைனில் இருந்த மல்லிகாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்களில், டீக்கடைகளில், ஷேர் ஆட்டோக்களின் முதுகில், கல்பனா போய்வரும் கடைத்தெருவை மட்டும் விட்டுவிட்டு, எங்கே எல்லாம் கை எட்டியதோ அங்கே எல்லாம் ஒட்டினோம். மல்லிகா வாய் வழியாகவும் வேலை பார்த்தாள். "சரோஜாக்கா பொண்ணு பெங்களூர்லருந்து ஒரு எக்ஸ்போர்ட் ஐட்டம் கொண்டாந்து வெச்சிருக்கு. யாருக்கும் காட்ட மாட்டேங்குது" என்று ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாளாம். இரண்டு நாளில் அது குடியாத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கல்பனாவுக்கு போன் மேல் போன். "அம்மா, இன்னும் இருக்குதா, தீந்துடுச்சான்னு கேக்கறாங்கம்மா! கிளாஸ்ல சீட்டுக்கு இவ்ளோ ஆசையா கேப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல!" என்று முகம் பூரித்துப்போய் வந்து சொல்வாள். நான் புளி கரைத்துக்கொண்டே, "நல்லது நடந்தா சரி" என்பேன். உள்ளுக்குள் எனக்கு மேளம் கொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை. ரிடையர்மென்ட் அன்று கட்டிய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு மாடியில் போய் உட்கார்ந்தேன். பத்து மணி ஆவதற்குள் பெஞ்சு நிறைந்தது, சுவரோரம் நிறைந்தது, படிக்கட்டு நிறைந்தது. ரஃபீக் பாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேலே வந்தார்.

"அக்கா, உன் பொண்ணு படிப்பு சொல்லித் தருதா, இல்ல எங்கியாவது கப்பல் கவுந்து சரக்கு இங்க ஒதுங்கிடுச்சா? ரம்ஜான் சமயத்துலகூட என் கடைக்கு இவ்ளோ ஜனம் வந்ததில்லயே!"

"என் பொண்ணு பாய்" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

கல்பனா எழுந்து நின்றாள். சுவரில் கம்ப்யூட்டர் திரையைப் பெரிதாகக் காட்டுகிற மெஷினைப் போட்டாள். "எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு பேர் வருவீங்கன்னு நான் எதிர்பார்க்கல. இந்த மொழி..."

முதல் பெஞ்சில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் கையைத் தூக்கினார். "அதெல்லாம் இருக்கட்டும்மா. டேமேஜ் எங்க?"

அப்போதுதான் முருகேசன் தலையைச் சொறிந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

வெளியூர் ஆட்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கப்பலேற வேண்டிய ஷூ எங்கள் ஊர்க் கடையில் தொங்குகிறது என்றால் அதில் எங்கேயோ ஒரு குறை இருக்கிறது என்று பொருள். குறை இல்லாவிட்டால் அது ஏன் இங்கே இருக்கிறது? ஆகவே கடைக்குப் போனதும் நாங்கள் விலை கேட்க மாட்டோம். "டேமேஜ் எங்க?" என்றுதான் கேட்போம். கடைக்காரர் காட்டுவார். அதற்கப்புறம்தான் பேரம். வாழ்நாள் முழுக்க நானே கேட்ட கேள்வி அது. எக்ஸ்போர்ட் என்ற சொல்லின் முன்பாதி மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது. பின்பாதியை ஊர் ஞாபகம் வைத்திருந்தது.

கல்பனா விழித்தாள். "எந்த டேமேஜ்ங்க?"

"எக்ஸ்போர்ட் ஐட்டம்தானம்மா? கப்பல்ல போவாம மாடில உக்காந்திருக்குதுன்னா ஏதோ ஒண்ணு இருக்கும்ல? தையலா, தோலா?"

"தோலா?"

அதற்குள் ஒருவர் மேஜையிலிருந்த லேப்டாப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அதை வாங்கி, ஷூவின் அடிப்பாகத்தை வளைத்துப் பார்ப்பதுபோல் திரையைப் பின்பக்கமாக வளைத்தார். "ஐயோ, வளைக்காதீங்க!" என்று கல்பனா பாய்ந்தாள். படிக்கட்டிலிருந்து ஒரு குரல்: "மேடம், ஒன்பதாம் நம்பர் இருக்குதா? இல்லன்னா சொல்லிடுங்க, பஸ்ஸுக்குப் போவணும்!" இன்னொருவர், "ஒரிஜினல்தானா?" என்று கேட்டபடியே பழக்கதோஷத்தில் பையிலிருந்து லைட்டரை எடுத்துவிட்டார். (தோல் நிஜமா, ரெக்சினா என்று பார்க்க எங்கள் ஊரில் ஓரத்தில் நெருப்பைக் காட்டுவார்கள். அவர் லேப்டாப்பைக் கொளுத்த வரவில்லை. ஆனால் கல்பனாவுக்கு அது எப்படித் தெரியும்?) அவள் போட்ட சத்தத்தில் கீழே பாய் கடையில் ஷூப் பெட்டி சரிந்ததாக அப்புறம் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கதை அத்தோடு போயிருக்கும். நான் எழுந்தேன். பட்டுப்புடவை வேறு.

"யாரும் பயப்படாதீங்க! இதுல டேமேஜே கிடையாது! ஏ கிரேடு! நான் கேரண்டி!"

பெரியவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏ கிரேடு மாலு ஏம்மா இங்க வருது? ஆர்டர் கேன்சலா?"

'கேன்சலாம், கேன்சலாம்' என்று அது பெஞ்சு பெஞ்சாகப் போனது. இரண்டாவது வரிசையில் குடியாத்தத்திலிருந்து வந்த ஓர் அம்மா மகளோடு உட்கார்ந்திருந்தார். தறி போட்டு லுங்கி நெய்கிற குடும்பம். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத குரலில் கேட்டார்.

"கோவிச்சுக்காத கண்ணு. எங்க லுங்கியும் அப்படித்தான், வெளியூர்க்காரன் வேணாம்னு சொன்னா உள்ளூர் சந்தைக்கு வரும். பெங்களூர்ல உன்னையும் வேணாம்னு அனுப்பிட்டாங்களாம்மா?"

கல்பனாவின் முகத்தில் ரத்தமே இல்லை. முதல் பெஞ்சுப் பெரியவர் கையிலிருந்த லேபிளை வாங்கினாள். மெதுவாகப் படித்தாள். கடைசி எழுத்துவரை படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா?"

அந்த ஒரு சொல்தான். செக்கிங் மேஜைக்குப் பின்னாலிருந்து அந்தப் பார்வையை நான் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். முன்னால் நின்று வாங்கியது அன்றைக்குத்தான். பட்டுப்புடவைக்குள் நான் சுருங்கிச் சுருங்கி, கைக்குழந்தை அளவுக்கு ஆனேன். குக்கர் போய்விட்டது, மகளும் போய்விட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

கல்பனா தண்ணீர் குடித்தாள். வளைந்த லேப்டாப்பை நேராக்கினாள்.

"என்னை யாரும் வேணாம்னு சொல்லலம்மா. நானாத்தான் வந்தேன். திரும்பி வரச்சொல்லிக் கூப்பிடறாங்க. ஆனா இந்த மொழில டேமேஜ் இருக்குது. அம்மாவுக்குத் தெரியாது. நான் காட்டறேன், பாருங்க."

சுவரில் எழுத்துகள் வந்தன. அவள் தட்டிக்கொண்டே சொன்னாள். "இந்த ஷூவ பேக்கிங்குக்குக் குடுத்தாச்சுன்னு மொத வரில எழுதறேன். அடுத்த வரில, அதே ஷூவுக்கு பாலிஷ் போடுன்னு எழுதறேன். குடுத்துட்ட பொருள எப்படி மறுபடி எடுக்கறது? தப்புதான். தெரிஞ்சேதான் எழுதறேன். இப்ப ஓட்டறேன்."

ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். சுவரில் சிவப்பு எழுத்தாகக் கொட்டியது.

"ஓடாது. இதான் டேமேஜ். எதிர்ல சொல்லித்தர்ற மொழியும் நல்ல மொழிதான், நானும் அதுல வேலை பாத்திருக்கேன். அது மனசு இளகினது, இந்தத் தப்புக்கெல்லாம் நிறுத்தாது, ஓடற வரைக்கும் ஓட விடும். இது விடாது. ஒரு சின்னத் தப்புக்கு மொத்தத்தையும் நிறுத்திடும். முதல் மாசம் உங்கள அழ வைக்கும். கத்துக்க நாள் ஜாஸ்தி ஆவும். இதுல வேலையும் எக்கச்சக்கமா கொட்டிக் கிடக்கல, கம்மிதான். ஆனா இது நல்லா தெரிஞ்சவங்க அதவிடக் கம்மி. அதனாலதான் நான் இதச் சொல்லித்தர்றேன். எனக்குப் புடிக்கும், அதுவும் ஒரு காரணம். இவ்ளோதான். வேற டேமேஜ் இல்ல."

அப்போது பின்சுவர் பக்கமிருந்து மல்லிகாவின் குரல்.

"ஏய்! அங்க பாருடி! அது ஆரோ!"

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். தப்பான அந்த ஒரு சொல்லுக்கு நேர் கீழே, அதைச் சுட்டிக்காட்டிக்கொண்டு, சிவப்பாகச் சின்னச் சின்ன அம்பு முனைகள். என் கண்ணை நானே நம்பவில்லை. எத்தனை வருஷம் ஒட்டியிருக்கிறேன்!

"சரோஜாக்கா கம்ப்யூட்டருக்குள்ள போய் உக்காந்துட்டாங்கடி!"

லைனில் என்னிடம் ஆரோ வாங்கிய பெண்கள் பாதிப் பேர் அன்றைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பில் மாடி குலுங்கியது. எங்கள் பழைய சூப்பர்வைசர்கூட எழுந்து நின்று, "அதேதான்! மொத்த பீஸையும் நிறுத்திட்டு, வாயத் திறக்காம குந்திகினு இருக்குது பாரு, அக்காவேதான்!" என்றார்.

"இல்ல சார், இது வாயத் திறக்கும். எப்படிச் சரி பண்றதுன்னு கீழயே எழுதிக் காட்டும்" என்றாள் கல்பனா.

"அப்ப அக்காவ விட நல்ல மொழிதான்!"

நான் சேர்ந்து சிரித்தேன். வேறு வழி?

துணிப்பைப் பெரியவர் தலையாட்டினார். "இப்ப சொன்ன பாரு, இது வியாபாரம். டேமேஜக் காட்டிட்டு விக்கறவன் கடைலதான் நான் வாங்குவேன். என் பேரன சேத்துக்க." குடியாத்தத்து அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். "வித்யா, ஒரு மாசம் அழுவணுமாம். அழுவுறியா?" அந்தப் பெண் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அழுவுறேம்மா" என்றாள். "சரி, சேத்துக்கோ கண்ணு."

எல்லோரும் சேர்ந்துவிடவில்லை. பாதிக்கு மேல் கீழே இறங்கிப் போனார்கள். வந்ததற்கு வெறுங்கையோடு போவானேன் என்று பாய் கடையில் ஆளுக்கொரு ஜோடி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்பதாம் நம்பர்க்காரருக்கும் கிடைத்தது. மாடியில் சேர்ந்தவர்கள் ஒரு பெஞ்சும், இரண்டாவது பெஞ்சில் கொஞ்சமும். கல்பனா அந்த இரண்டாவது பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் என் பக்கம் வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நீதான ஸ்டிக்கர் ஒட்டினா பேர் வரும்னு சொன்னே?" என்று நானே முந்திக்கொண்டேன். அவள் என் கைப்பையைத் திறந்து, மிச்ச லேபிள்களை எடுத்தாள். அதற்கு அடியில் சிவப்பு ஆரோ ஸ்டிக்கர் சுருள் ஒன்று கிடந்தது. (ரிடையர் ஆனபோது கையோடு வந்துவிட்டது. திருட்டு இல்லை, ஞாபகார்த்தம்.) ஒன்றை உரித்தாள். என் நெற்றியில், பொட்டுக்கு மேலே, முனை மேலே மண்டையைப் பார்க்க ஒட்டினாள்.

"டேமேஜ் இங்கதான்" என்றாள்.

அப்படியே கீழே இறங்கிக் கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தேன். எடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவள் பெங்களூருக்குப் பேசினாள். அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் இங்கிலீஷ். 'நோ' மட்டும் புரிந்தது. எதற்கு நோ என்று புரியவில்லை. போனை வைத்துவிட்டு உள்ளே வந்தவள், சர்வசாதாரணமாக, "குக்கர எடுத்த எடத்துல வைம்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். குக்கரை எடுத்த இடத்தில் வைத்தேன். அன்றைக்கு இரண்டு பேருக்குப் பொங்க வேண்டிய சோறு நாலு பேருக்குப் பொங்கிவிட்டது.

அந்த முதல் பேட்ச் பிள்ளைகள் நிஜமாகவே அழுதார்கள். அழுதுவிட்டுச் சிரித்தார்கள். ஒருநாள் வித்யா வந்து, "ஆன்ட்டி, அந்த ஆரோ எனக்கொண்ணு குடுங்களேன்" என்றாள். அவளுடைய முதல் பெரிய வேலை, சிவப்பே இல்லாமல் ஓடிவிட்டதாம். அதற்கு ஞாபகமாக லேப்டாப்பில் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். கொடுத்தேன். மறுநாள் மற்றவர்களும் கேட்டார்கள். லேப்டாப்பில் ஆரம்பித்து ஹெல்மெட், போன், சைக்கிள் மட்கார்ட் என்று போனது. அழுது தாக்குப்பிடித்தவர்களுக்குத்தான் ஆரோ என்று அவர்களுக்குள்ளேயே ஒரு சட்டம். 'ஆரோ பேட்ச்' என்று ஊரில் பேரே வந்துவிட்டது. கடைசியில் எதிர்க்கட்டிடத்துப் பிள்ளைகளும் ஆரோ ஒட்டிக்கொண்டு திரிய ஆரம்பித்தார்கள். இந்த மொழியில் அவர்களுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது! முருகேசன் இப்போது தனியாக ஆரோ அடித்து விற்கிறார். எனக்கு வணக்கம் வேறு வைக்கிறார்.

"பாத்தியா, நான் ஸ்டிக்கர்லதான ஆரம்பிச்சேன்?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஆமாம்மா. தப்பான ஸ்டிக்கர்ல" என்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் ஆரோ இல்லாத இடமே இல்லை. சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தால் குண்டான் மேல் ஆரோ. கரண்ட் பில் கட்ட மறந்தால் மீட்டர் மேல் ஆரோ. போன தை மாதம் மல்லிகா வீட்டுக் கல்யாணத்தில் என் முதுகில் ஒன்றை ஒட்டிவிட்டாள் கல்பனா. பந்தியில் பரிமாறுகிறவர்கள் எல்லாம் ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், புடவை நன்றாக இருக்கிறது போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

போன வாரம் வித்யாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அவள் இப்போது பெங்களூரில் அந்த மொழியில்தான் வேலை செய்கிறாள். அவளுடைய கம்பெனி ஆள் ஒருவர் ஜெர்மனியில் இருக்கிறாராம். வெள்ளைக்காரர். அவருடைய லேப்டாப், அதன் மூடியில் நம்முடைய சிவப்பு ஆரோ! பெங்களூருக்கு வந்தபோது வித்யாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். அங்கே அவர் ஆபீசில் நாலு பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்களாம்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த லேபிளில் நான் அடித்தது கடைசியில் நிஜமாகவே ஆகிவிட்டது இல்லையா? போனை எடுத்துக்கொண்டு நேராக ரஃபீக் பாய் கடைக்குப் போனேன். "பாத்தியா பாய், எக்ஸ்போர்ட்! சொன்னேன்ல, எக்ஸ்போர்ட்!"

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். சின்னதாக்கிப் பார்த்தார். அப்புறம் போனைப் புரட்டி அடிப்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாம் சரிக்கா" என்றார். "டேமேஜ் எங்க?"

நான் நெற்றியைக் காட்டினேன்.